இருமல் மருந்தோடு இன்னொன்று

1995-ல் திருச்சி மாவட்டத்தை விட்டுத் தனிக்குடித்தனம் வந்தது பெரம்பலூர். 2001-ல் அதனோடு கோபித்துக்கொண்டு அரியலூர் தனியே போயிற்று. மறு வருஷமே பெரியவர்கள் சேர்த்துவைத்தார்கள். 2007-ல் மறுபடி பிரிந்தது. எனக்குப் பெரம்பலூர், என் மனைவிக்கு அரியலூர். ஆகவே வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் இந்த வரலாறு ஒருமுறை வாசிக்கப்படும்.

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். எங்கள் பக்கத்துக் கணவன்மார்களுக்கு இந்தத் தூரம் பெரிய உபகாரம். ஆணுறை வாங்க பெரம்பலூர்க்காரன் அரியலூருக்குப் பஸ் ஏறுவான், அரியலூர்க்காரன் பெரம்பலூருக்கு ஏறுவான். உள்ளூரில் வாங்க முடியாது. மெடிக்கலில் பில் போடுகிற பெண் டியூஷன் வாத்தியார் மகள், மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் கூடப் படித்தவனின் அண்ணன், பின்னால் பிரஷர் மாத்திரைச் சீட்டோடு நிற்பவர் சித்தப்பா.

வெளியூரிலும் சட்டென்று கேட்டுவிடக் கூடாது, முறை இருக்கிறது. கூட்டம் கலையும்வரை வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் ஓர் இருமல் மருந்து. பிறகு பேண்ட்-எய்ட். பிறகு வயிற்றுக்கு ஏதாவது. "வேற?" என்பார் கடைக்காரர். அப்போது நாம் எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் முருகனைப் பார்க்க வேண்டும். இருமாத ஆள் இருமல் மருந்து வாங்கும்போதே அவருக்கு விஷயம் விளங்கிவிடும். பேசாமல் எடுப்பார், தினசரித் தாளில் சுற்றுவார், கறுப்பு கவரில் போடுவார். தமிழ்நாட்டில் உள்ளே இருப்பதை அப்படியே காட்டிக்கொடுக்கிற பை ஒன்று உண்டென்றால் அது இந்தக் கறுப்பு கவர்தான். குவார்ட்டர், நாப்கின், இது: மூன்றில் ஒன்று. 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். எத்தனை கணவன்மார்கள் கதிகலங்கினார்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

இத்தனை கூச்சமும் எந்த ஊரில்? முதலிரவுக் கட்டிலுக்கு அத்தைமார்கள் கூடி நின்று பூ ஜோடிக்கிற ஊரில். நேரத்தை ஜோசியர் குறிக்கிறார், மாமா பழத்தட்டு தூக்குகிறார், பால் சொம்பு எந்த அறைக்குப் போகிறது என்று கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் வரைக்கும் தெரியும். சாயங்காலம் மல்லிகைப்பூவும் அல்வாப் பொட்டலமுமாகப் போகிறவனைப் பார்த்துத் தெருவே சிரிக்கும், அவனும் சிரிப்பான். 1983-ல் 'முந்தானை முடிச்சு' படம் வந்த பிறகு முருங்கைக்காய் வாங்குவதே ஒரு பகிரங்க அறிவிப்பாகிவிட்டது. ஆனாலும் எவனும் அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போனதில்லை. தூண்டுகிற சாமானுக்கு வெட்கமில்லை, காக்கிற சாமானுக்குத்தான்.

அரசாங்கம் தன்னால் ஆனதைச் செய்தது. 1968-ல் 'நிரோத்' கடைக்கு வந்தபோது 3 உறை 15 பைசா. டீத்தூளும் சோப்பும் விற்கிற கம்பெனிகளின் வண்டியிலேயே ஊர் ஊராகப் போயிற்று. இதற்கு முதலில் யோசித்த பெயர் என்ன தெரியுமா? காமராஜ். மன்மதனை நினைத்து வடக்கே யாரோ வைத்த பெயர். காங்கிரஸ் கட்சிக்கு அப்போது தலைவர் யார் என்று பிறகுதான் உறைத்திருக்கிறது. பெருந்தலைவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, எண்ணூரில் துறைமுகம் இருக்கிறது, எல்லாம் சரி. கல்யாணமே செய்துகொள்ளாத மனிதரின் பெயரைச் சொல்லி "ஒரு பாக்கெட் குடுங்க" என்று கேட்கும் துணிச்சல் எந்தத் தமிழனுக்கு வந்திருக்கும்?

நம் சென்னை டி.டி.கே. குழுமம் இதில் பழைய கை. 'ஸ்கோர்' ஆணுறை அவர்களுடையது. பிரெஸ்டிஜ் குக்கரும் அவர்களுடையது. உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரும் அவர்களுடையதுதான். முதல் சாமானை மறந்தவனைக் கடைசிச் சாமானுக்கு வரவழைக்கிற வியாபார சாமர்த்தியத்தை நான் எந்த எம்.பி.ஏ. பாடத்திலும் கேள்விப்பட்டதில்லை.

2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டார்கள். நல்ல விளம்பரம்தான், ராஜா என்று பெயர் உள்ளவர்கள்தான் பாவம். ஆனால் ஆணுறை என்றாலே தப்புத்தண்டா செய்கிறவனின் சாமான் என்கிற எண்ணம் அதோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. "புருஷன் பொண்டாட்டிக்கு எதுக்குப்பா அது?" என்பார்கள். விளைவு, தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கவுன்ட்டரில் 2 நிமிஷம் நிற்க ஆம்பிளைக்குக் கூச்சம், அதற்காக அவள் ஆபரேஷன் தியேட்டரில் படுக்கிறாள். இந்தக் கணக்கு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

என் மனைவிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சிமென்ட் லாரிச் சத்தத்தில் வளர்ந்தவள், மெதுவாகப் பேசவும் தெரியாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் நான் முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அண்ணே, எக்ஸ்பைரி தள்ளி இருக்கறதா குடுங்க" என்று கேட்டாள். கடைக்காரர் கைதான் நடுங்கியது. "சாக்லேட்டா, ஸ்ட்ராபெர்ரியா, எதும்மா?" என்று கேட்கவும் அவருக்குக் குரல் வரவில்லை, இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டுக்குள் இருந்த துண்டுச்சீட்டை எடுத்து எனக்குப் பாடம் நடத்தினாள். பர்ஸில் வைக்காதீங்க, சூட்டிலும் உரசலிலும் கெட்டுப்போகும். பைக் பெட்டியில் வைக்கவே வைக்காதீங்க (பெரம்பலூர் சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் அப்பளம் பொரியும்). பல்லால் கிழிக்காதீங்க. பாதுகாப்பு கூடும் என்று ஒன்றின்மேல் ஒன்று போடாதீங்க, உரசிக் கிழியும். ஒவ்வொரு தடவைக்கும் புதுசு. முக்கியமாக, தேங்காயெண்ணெயும் வாசலினும் ஆகவே ஆகாது, லேடக்ஸ் ரப்பர் நைந்துவிடும். தண்ணீர் கலப்பில் செய்த ஜெல் சேரும். இந்தக் கடைசி விதி தமிழர்களுக்கென்றே எழுதியதுபோல் பட்டது. தலைக்கும், சாமி விளக்குக்கும், கதவுக் கீலுக்கும் ஒரே பாட்டிலைத் தூக்குகிறவர்கள் நாம்.

தைரியம் வந்த பிறகு ஆசையும் வருமல்லவா? 'பாடி மசாஜர்' ஒன்று ஆர்டர் போட்டோம். இந்த மாதிரி மசாஜரை வேறு வேலைக்கும் பயன்படுத்தலாமே என்று கஸ்டம்ஸ்காரர்கள் கற்பனை செய்து ஒரு சரக்கையே பறிமுதல் செய்ய, அது செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லிவிட்டது. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. கூரியர் தம்பி வந்த நேரத்தில்தான் நாங்கள் வீட்டில் இல்லை.

திரும்பி வந்தால் அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலில் அது சன்னமாக உறுமிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா தன் முறைக்குக் காத்திருக்கிறார்.

"மூட்டுக்கு சுகமா இருக்குடா. நீயாவது எனக்குன்னு ஒண்ணு வாங்கணும்னு நெனச்சியே" என்றாள் அம்மா.

பெட்டியில் வந்த குறிப்பு என் கையில். சோப்புப் போட்டுக் கழுவவும், ஒருவருடையதை இன்னொருவர் உபயோகிக்க வேண்டாம் என்று அச்சடித்திருந்தது. நான் அதை வாசித்துக் காட்டுவதா என்று மனைவியைப் பார்த்தேன். அவள், "நீங்களே வச்சுக்குங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து அடுத்த ஆர்டரைப் போட்டாள். இந்தத் தடவை டெலிவரி விலாசம் அரியலூர்.