ஈரெழுத்து ஒருமொழி: ‘ஓகே’ ஓர் ஆய்வு

‘ஓகே’ இரண்டு நெட்டெழுத்துகளாலான சொல். ஒலிக்க நான்கு மாத்திரை ஆகும். ஆங்கிலத்தில் அது பெயர், வினை, அடை என எல்லாமாகவும் வரும்.

தோற்றம்

இச்சொல் 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் முதன்முதலாக அச்சேறியது. சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அவற்றின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகக் கையாளும் வேடிக்கை அன்றைய பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடம் பரவியிருந்தது. ‘எல்லாம் சரி’ எனப் பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ அவர்கள் கையில் ‘ஓல் கொரெக்ட்’ ஆகி, ஓ.கே. எனச் சுருங்கியது. எல்லாம் சரி என்று சான்றளிக்கும் இரண்டு எழுத்துகளில் இரண்டுமே தவறு. ‘ஆல் ரைட்’ என்பதற்கும் ஓ.டபிள்யூ. என்றொரு சுருக்கம் இருந்தது. பிழையாகவே பிறந்தும் அது பிழைக்கவில்லை.

நிலைபேறு

ஓகேவைப் பிழைக்க வைத்தது அரசியல். 1840 தேர்தலில் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். அவருடைய சொந்த ஊர் கிண்டர்ஹுக். ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்ற பட்டப்பெயரைச் சுருக்கி, ஆதரவாளர்கள் ஓ.கே. மன்றங்கள் அமைத்தனர். வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது. பின்னர், செய்தி கிடைத்ததைத் தெரிவிக்கத் தந்திக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டனர்.

மாற்றுக் கொள்கைகள்

இத்தனை பெரிய சொல்லுக்கு இத்தனை சிறிய பிறப்பா என்ற ஐயத்தில் பல கொள்கைகள் எழுந்தன. கிரேக்கர் ‘ஓலா கலா’வைக் காட்டினர். ஹைத்தியின் ஓ கே துறைமுகத்து ரம்மைச் சிலர் காட்டினர். அமெரிக்கப் பழங்குடியினரான சோக்டா மக்களின் மொழியே மூலம் என்ற கொள்கைக்கு அதிபர் உட்ரோ வில்சனே ஆதரவாளர். 1963, 64-இல் ஆலன் வாக்கர் ரீட் என்னும் அறிஞர் பழைய இதழ்களைத் துருவி எடுத்து வெளியிட்ட கட்டுரைகள் பாஸ்டன் வேடிக்கையை நிலைநாட்டின. 2012-இல் வெளியான ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ படம் ‘ஓகே ஓகே’ எனச் சுருங்கியதில், இச்சொல்லுக்கு எழுத்துப்பிழை இல்லாத விரிவு ஒன்று தமிழில் கிடைத்தது.

தமிழ் வழக்கு

நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. அவற்றுள் நேர்விடையில் மட்டும் ஓகேவை அடக்க வழக்கு இடந்தரவில்லை.

‘பொண்ணு ஓகே’ என்பது முழுச் சம்மதம். ‘படம் ஓகே’ என்பது பாராட்டுப் போலத் தோன்றும் கண்டனம். ‘தான்’ சேர்ந்து ‘ஓகேதான்’ ஆனால், டிக்கெட் காசு வீண் எனக் கொள்க. மேலதிகாரி வாயில் ‘ஓகேவா?’ என்பது வினா வடிவில் வரும் கட்டளை. ‘ஓகே ஓகே’ என்னும் அடுக்கு, கேட்டது போதும் என்னும் சினப்பொருளில் வரும். குறுஞ்செய்தியில் ‘ஓ’ கெட்டுக் ‘கே’ மட்டும் நிற்பது முதற்குறை. அனுப்பியவர் கோபமாக இருக்கிறார் என்பது பெறப்படும்.

எஞ்சியது தொலைபேசி வழக்கு. “ஓகே… சரி, ஓகே… அப்ப பாப்போம், ஓகே… ஓகே, வெச்சிடறேன்” என்னும் தொடரில் முதல் மூன்றும் அசைநிலை. நான்காவதே பேச்சை முடிக்கும். அதன் பின்னும் “ஆங், இன்னொன்னு” எனத் தொடர்ந்தால் நான்காவதும் அசைநிலையே. எண்ணிக்கையை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குக.