குவாலிஸுக்கு விஸ்கஸ் ஃபேன் மாற்றுவது எப்படி (பாலவனத்தம் முறை)

பழைய வண்டியின் விஸ்கஸ் ஃபேன் கிளட்சை மாற்ற, கை பழகிய மெக்கானிக்குக் காலை இட்லிக்கும் பதினோரு மணி டீக்கும் இடைப்பட்ட நேரம் போதும். ஆனால் அந்த முடிவுக்கு வந்து சேரப் பாலவனத்தத்தில் ஒரு சித்திரையும் ஒரு வைகாசியும் ஆகும். இந்த வழிகாட்டி அந்த இரண்டு மாதங்களுக்கானது. நேராகக் கடைக்குப் போய்ப் புது கிளட்சை வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு மாமன் மச்சான் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

வண்டி குவாலிஸ் என்று கொள்க. 2000-ல் வந்தது, 2005-ல் கம்பெனி அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தது. கம்பெனிதான் நிறுத்தியது, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் நிறுத்தவில்லை. காதுகுத்து, மொட்டை, பெண் பார்த்தல், கேதம் எல்லாவற்றுக்கும் இன்னும் அதுதான் போகிறது. சுமோ, பொலிரோ வைத்திருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம். நோய் ஒன்றுதான், பொறுமையும் அதே அளவு வேண்டும்.

நோயின் அடையாளம் இது. மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் போகும்வரை ஹீட் முள் நல்ல பிள்ளையாகப் பாதியில் நிற்கும். இருக்கன்குடியில் ஆடி வெள்ளிக் கூட்டத்தில் வண்டி ஊர ஆரம்பித்ததும், அல்லது ரயில்வே கேட்டில் நின்றதும், முள் எழுந்து நடக்கத் தொடங்கும். ஏ.சி.யில் வெந்நீர் அறைக் காற்று வரும். கேட் திறந்து வண்டி நகர்ந்தால் முள் மறுபடி கீழே இறங்கிவிடும். இதை மெக்கானிக்கிடம் சொன்னால் உரையாடல் இப்படிப் போகும்:

“அண்ணே, வண்டி நிக்கும்போது ஹீட் ஏறுது.”

“ஓடும்போது?”

“ஏறலண்ணே.”

“அப்ப நிக்காம ஓட்டுங்க.”

சிரிக்க வேண்டாம். அதில் முழு நோய்க்குறிப்பும் இருக்கிறது. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரான பிறகு, வந்தவர்களையெல்லாம் ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்னார். வண்டிக்காரர் அவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. ‘எப்போது’ என்று மட்டும் விசாரித்தால் போதும். வேகமாக ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். விசிறி சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். நிற்கும்போது உள்ளே காற்றை இழுக்க விசிறியை விட்டால் வேறு நாதியில்லை. ஆக, நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் முதல் சந்தேகம் விசிறிமேல் விழ வேண்டும்.

விழாது. அதற்குக் காரணம் அந்த கிளட்சின் சாதுவான சுபாவம். உடைந்த பெல்ட் தெரியும், ஓட்டை ஹோஸ் ஒழுகிக் காட்டும். இது செத்த பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வாட்டர் பம்புக்கும் விசிறிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு வட்ட டப்பா அது. இரண்டையும் இணைக்கும் கம்பியோ பல்சக்கரமோ உள்ளே கிடையாது. கருப்பட்டிப் பாகு பதத்தில் ஒரு சிலிக்கான் எண்ணெய் மட்டும் இருக்கிறது. டப்பாவின் முகத்தில் சுருளாக ஒரு உலோகப் பட்டை. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் சுருள் முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு சிறு வழியைத் திறக்கும். எண்ணெய் ஓடி வந்து, நெருங்கி நிற்கும் வரிப்பள்ளங்களுக்கு நடுவே புகுந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். விசிறி இரைந்து சுற்றும். காற்று ஆறினால் வழி மூடும், எண்ணெய் திரும்பிப் போகும், விசிறி சோம்பலாகச் சுற்றும். தேவையில்லாத நேரத்தில் எஞ்சின் விசிறியை இழுத்து டீசலை வீணாக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை. வெயிலுக்கு ஏற்றபடி வேலை செய்யும் ஒரே பிராணி இந்த வட்டாரத்தில் இதுதான்.

இருபது வருஷத்தில் எண்ணெய் கசிந்துவிடும், அல்லது சுருள் மரத்துப் போய்விடும். விசிறி சுற்றும், காற்று இழுக்காது. பானெட்டைத் திறந்து பார்க்கும் மாமா, “ஃபேன் நல்லாத்தான மாப்ள சுத்துது” என்பார். இங்கிருந்து உங்கள் சித்திரை மாதம் தொடங்குகிறது.

முதல் வேலையாக வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி பானெட்டைத் தூக்கிவிடுங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம், வருவார்கள். தூக்கிய பானெட்டும் பிரித்த சீட்டுக்கட்டும் தனியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. வருகிறவர் ஒவ்வொருவரும் அவரவர் தொழிலில் இருந்து நோயைச் சொல்வார். டிராக்டர் வைத்திருப்பவருக்கு அது தண்ணீர்ப் பற்றாக்குறை. மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவருக்கு பேரிங். துபாயில் டிரைவராக இருந்து வந்தவருக்கு, இந்த ஊரில் எதுவுமே சரியில்லை.

தண்ணீர்க்காரர் சொல்வதை முதலில் கேட்டாக வேண்டும், அவர் மூத்தவர். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றச் சொல்வார். கரிசல் காட்டு போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது அவர் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து, இல்லாத நோயையும் உண்டாக்கும். கூலன்ட் ஊற்றலாமே என்று கேட்டால், “அந்தப் பச்சத் தண்ணிக்கு எதுக்குய்யா காசு” என்பார். அது கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் போன பிறகு பழைய தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி கழன்ற நொடியில் மொத்தமும் முகத்துக்கு வரும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இதைக் கழற்றி எறிய வேண்டும் என்பதில் ஊரில் கட்சி, சாதி, வயது வித்தியாசம் கிடையாது. பஞ்சாயத்தில் இதுவரை ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் இது ஒன்றாகத்தான் இருக்கும். எஞ்சின் தகுந்த சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது அந்தப் பாவப்பட்ட வால்வின் வேலை. கழற்றினால் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், காலையில் புகை தள்ளும். கேட்டில் நிற்கும்போது மட்டும் முள் வழக்கம்போல ஏறும். இருந்தாலும் கழற்றுங்கள். கழற்றாமல் இந்த ஊரில் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. கழற்றியதைத் தூக்கி எறியாமல் ஒரு துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வையுங்கள்.

பிறகு ரேடியேட்டர் மூடி, பெல்ட், ரேடியேட்டர் கழுவல், வாட்டர் பம்ப் என்று வரிசையாக வரும். சில செலவுகளால் நன்மையும் உண்டு என்பதால் நான் குறுக்கே நிற்கவில்லை. “ஹெட் போயிருச்சு” என்று யாராவது சொல்லும்போது மட்டும் வண்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள். ஹெட் இன்னும் போகவில்லை. முள் சிவப்பில் நிற்க நிற்க, “இந்தா வந்துட்டம்ல” என்று ஓட்டினால் ஹெட் வளைந்து கேஸ்கட் நிஜமாகவே போகும். அப்போது சொன்னவர், “நான் அன்னைக்கே சொன்னேன்” என்பார்.

வைகாசி பிறந்து கத்திரியும் முடியும் தறுவாயில், பேசாமல் பீடி குடித்துக்கொண்டிருந்த பட்டறைப் பையன் ஒருவன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பான். உங்கள் குலதெய்வம் அந்த உருவத்தில் வந்திருக்கிறது. அவன் செய்வது இவ்வளவுதான். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இறக்கையைச் சுண்டிவிடுவான். நல்ல கிளட்ச் என்றால் கனமாக இழுத்து உடனே நின்றுவிடும். செத்த கிளட்ச் தட்டாமாலை சுற்றும். பிறகு இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவான். ஆடினால் பேரிங் போய்விட்டது. டப்பாவின் முகத்தில் சூரியக் கதிர் மாதிரி எண்ணெய்க் கோடுகள் ஓடியிருந்தால், உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி: “காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் ஃபேன் இரையுமாண்ணே?” ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் வரிப்பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும் என்பதால், நல்ல கிளட்ச் காலையில் சற்று இரைந்துவிட்டு அடங்கும். உங்கள் வண்டியில் அந்த இரைச்சல் நின்று நாளாகிவிட்டது. எஞ்சின் சத்தம் குறைந்துவிட்டதே என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள்.

ஓடும் விசிறியில் சுருட்டிய செய்தித்தாளை வைத்து நிறுத்திப் பார்க்கும் பரிசோதனையும் ஒன்று உண்டு. நின்றால் கிளட்ச் போச்சு, நிற்காவிட்டால் பேப்பர் போச்சு என்பது சித்தாந்தம். பேப்பரைப் பிடித்திருப்பது விரல் என்பதைச் சித்தாந்தம் சொல்லாது. செய்ய வேண்டாம்.

நோய் தெரிந்துவிட்டது. உடனே புதிதாக வாங்கிவிடுவீர்கள் என்று நினைத்தால் உங்களுக்கு ஊர் நிலவரம் தெரியவில்லை. “எதுக்கு மாப்ள அம்புட்டுக் காசு? வெல்டு வச்சு லாக் பண்ணிரலாம்” என்று மாமா வருவார். பண்ணலாம். விசிறி எப்போதும் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும், கேட்டில் சூடு ஏறாது. அதற்குப் பதிலாக நாலாவது கியரில் ஹெலிகாப்டர் சத்தம் வரும், டீசல் கரையும், வாட்டர் பம்பின் பேரிங் ஓயாமல் பாரம் சுமந்து தேயும். வேகம் கூடும்போது, அந்தச் சுற்றுக்குச் செய்யப்படாத இறக்கை உடைந்து ரேடியேட்டருக்குள் போனால் மாமா பொறுப்பில்லை. நடுக்காட்டில் உதவிக்கு இந்த வைத்தியம் சரி. அதையே வாழ்க்கையாக்கிக்கொள்ளக் கூடாது.

ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் ஒரே டப்பாவுக்கு இரண்டு மூன்று விலை சொல்வார்கள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், ஒரு வெள்ளைக்காரர் எதுகை மோனை சரியில்லை என்று திருக்குறளைத் ‘திருத்தி’ அச்சிட்ட கதையைக் கேட்டு, மிச்சமிருந்த பிரதி முழுவதையும் விலைக்கு வாங்கிக் கொளுத்தினார் என்று சொல்வார்கள். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டவருக்கு அது கட்டுப்படியானது. சந்தையில் உள்ள டூப்ளிகேட் கிளட்ச் எல்லாவற்றையும் வாங்கிக் கொளுத்த உங்களால் முடியாது. ஒன்றை வாங்காமல் இருக்கலாம். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் அதே ஜமீன்தார்தான் தலைவராக இருந்தார். கப்பலுக்கு ஒரு சௌகரியம், குளிர்விக்க அடியிலேயே கடல் கிடந்தது. பாலவனத்தத்தில் நிற்கும் குவாலிஸுக்கு ஒரிஜினல் கிளட்ச்தான் கதி.

வாங்கியதை வண்டியில் இருக்கும் நிலையிலேயே நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். படுக்கப் போட்டால் எண்ணெய் இடம் மாறும், கசியவும் கூடும். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்பார். சொல்லாதீர்கள், அவர் வண்டியிலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவராக இருப்பார்.

மாட்டுவது சின்ன வேலை. எஞ்சின் ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், விசிறியைச் சுற்றியுள்ள கூட்டை எடுங்கள், ரேடியேட்டர் முகத்தில் ஒரு அட்டையைச் சொருகுங்கள். ஸ்பேனர் நழுவினால் அட்டை வாங்கிக்கொள்ளும். சில வண்டிகளில் நான்கு சின்ன நட், சிலவற்றில் நடுவில் ஒரே பெரிய நட். பெரிய நட் என்றால் லெஃப்ட் மரையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் பைப் போட்டு நெம்புகிறவர், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பார். பழைய டப்பாவிலிருந்து இறக்கையைப் பிரிக்கும்போது விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், முன்பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டிய இறக்கை பாதிக் காற்றைக்கூட இழுக்காது. பழியைப் புது கிளட்ச் சுமக்கும்.

மாட்டியதும் உச்சி வெயிலில் பானெட்டை மூடி, ஏ.சி. போட்டு, அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். முள் கொஞ்சம் ஏறும், விசிறி திடீரென்று இரையும், முள் இறங்கும். வேப்பமரத்தடிக் கூட்டம் மொத்தமும் அதைப் பார்க்கும். “நான்தான் அன்னைக்கே தெர்மோஸ்டாட்டக் கழட்டச் சொன்னேன்ல” என்று மாமா எழுந்து வேட்டியைத் தட்டுவார். ஆமாம் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவையுங்கள். டேஷ்போர்டில் துணிக்குள் இருப்பதை, அவர் விருதுநகருக்கு வத்தல் மூட்டை போடப் போகும் நாளாகப் பார்த்து, புது கேஸ்கட்டோடு மறுபடி மாட்டிவிடுங்கள்.