நதி நாறட்டும், நீட்டிப்பு நடக்கட்டும்

சென்னையில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது என்றால் அந்த நிறுவனத்தார் பதற வேண்டியதில்லை. கூவம் இருக்கிறது, கைவிடாது. அது நாறுகிற வரைக்கும் ஆலோசனைக்குத் தேவை இருக்கும். ஆலோசனை மட்டுமே நடக்கிற வரைக்கும் அது நாறிக்கொண்டும் இருக்கும். இப்படி ஒன்றையொன்று வாழவைக்கிற ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக நம் மாநகருக்கு உலகம் ஏதாவது விருது கொடுத்திருக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஓர் ஊர் உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் கோயில் அங்கேதான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் இந்த ஆற்றில் முழுகிவிட்டுத்தான் கோமளீசுவரன்பேட்டை கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் கூவத்துக்கு ஆலோசகர் யாரும் இல்லை என்பதை ஒரு குறிப்பாக மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆலோசனைக் காலம் பிறகு தொடங்கியது. 1960-களின் இறுதியில் கூவம் சீரமைப்புத் திட்டம் வந்தது. கரை கட்டினார்கள், படகுத்துறை கட்டினார்கள், 1970-களின் தொடக்கத்தில் படகும் விட்டார்கள். படகு போய்விட்டது, படகுத்துறைகளின் மிச்சம் மட்டும் நின்றது. 1990-களில் பிரிட்டனிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். 2000-த்தில் மத்திய அரசு நிதியோடு சென்னை நகர நதிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. 2010-இல் சிங்கப்பூரோடு ஒப்பந்தம் போட்டோம். சில ஆண்டுகளில் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை மூலம் ஏறத்தாழ 604 கோடி ரூபாயில் இன்னொரு திட்டம் வந்தது. அத்தனைக்கும் பிறகு, 2022-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த ஆறுகளைப் பட்டியலிட்டது. ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடையே கூவத்து நீரில் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த நீரில் 3-ஐத் தாண்டக் கூடாது. நாட்டிலேயே முதலிடம். எந்தத் துறையிலும் முதலிடம் என்றால் போஸ்டர் ஒட்டுகிற நம் ஊரில் இதற்கு மட்டும் ஏனோ ஒரு போஸ்டரையும் காணோம்.

சிங்கப்பூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்நாட்டுப் பிரதமர் லீ குவான் யூ 1977-இல் தம் அதிகாரிகளுக்குப் பத்தாண்டு கெடு வைத்தார். 1987-இல் சிங்கப்பூர் ஆறு சுத்தமாகிவிட்டது. அவர்கள் ஆற்றைக் கழுவ எடுத்துக்கொண்டது பத்தாண்டு. நாம் அவர்களோடு கையெழுத்திட்டுப் பதினைந்து ஆண்டு ஓடிவிட்டது. ஒப்பந்தம் போட்ட படம் மட்டும் பத்திரமாக இருக்கும்.

கூவத்துக்கு என்ன நோய் என்று தெரியாமலா இத்தனை ஆய்வு? சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள். சாக்கடையை ஆற்றில் விடுகிறார்கள், குப்பையைக் கொட்டுகிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லும். அந்த வாக்கியத்தை வண்ண வரைபடத்தோடும் பவர்பாயிண்டோடும் பல நூறு பக்கத்துக்கு நீட்டுவதற்குத்தான் நிறுவனம் தேவைப்படுகிறது. பிள்ளை சொன்னால் பில் போட முடியாது.

இந்தத் தொழிலின் கணக்கு அழகானது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் தொடக்க அறிக்கை. அதற்கு ஒரு தவணை. பிறகு இடைக்கால அறிக்கை, வரைவு அறிக்கை, இறுதி அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை. காகிதம் மேசைக்கு வந்தால் பணம். தண்ணீர் தெளிந்தால் இவ்வளவு என்று ஒரு தவணை எந்த அட்டவணையிலும் இராது. மேற்பார்வை ஆலோசகர் என்றால் இன்னும் விசேஷம். திட்டச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வைப்பது வழக்கம். திட்டம் வீங்கினால் கட்டணமும் வீங்கும். செலவைக் குறைக்கச் சொல்லி எந்தப் பைத்தியக்காரன் ஆலோசனை தருவான்?

டெண்டரில் மதிப்பெண் போடுகிற முறையைப் பாருங்கள். விலையைவிடத் தகுதிக்குத்தான் பெரும்பங்கு மதிப்பெண். தகுதி என்றால் என்ன? இதுபோல் எத்தனை நதிகளுக்கு ஏற்கெனவே அறிக்கை எழுதியிருக்கிறார்கள், ஆண்டு வரவு எவ்வளவு, எத்தனை நிபுணர்களின் பயோடேட்டா இணைத்திருக்கிறார்கள் என்பவை. அந்த நதிகளில் எத்தனை சுத்தமாயின என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆக, பத்து ஆற்றைக் கோட்டைவிட்டவருக்குப் பத்து ஆற்று அனுபவம். ஓர் ஆற்றைச் சுத்தம் செய்து முடித்தவருக்கு ஓர் ஆற்று அனுபவம்தான்; அவர் முதல் சுற்றிலேயே வெளியே.

கூவம் ஒன்று, ஆனால் எசமானர்கள் பலர். ஆற்றுப்படுகை நீர்வளத் துறைக்கு. அதில் கலக்கும் கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு. மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சிக்கு. கரையில் குடியிருக்கும் ஏழை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. மிச்சம் இருக்கும் நாற்றம் மட்டும் முழுக்க முழுக்கப் பொதுமக்களுக்கு. மழைநீர் வடிகாலில் சாக்கடை ஓடுகிறதே என்று மாநகராட்சியைக் கேட்டால் அது குடிநீர் வாரியம் என்பார்கள். வாரியத்தைக் கேட்டால் வடிகால் மாநகராட்சியுடையது என்பார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வழி என்ன என்று ஆராய ஓர் ஆலோசகரை நியமிக்கலாம். 2019 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் நாறுவதற்காகத் தமிழக அரசை 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. எந்த ஆலோசகரையும் கட்டச் சொல்லவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மாமன்ற உறுப்பினர்களுக்கு வேலை அதிகம். 200 வார்டுக்காரர்களும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம் என்று அடுத்த நீட்டிப்புக்கான தீர்மானத்தை நானே எழுதித் தருகிறேன். தேதியையும் தொகையையும் மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

பொருள்: நதிச் சீரமைப்பு – ஆலோசனை நிறுவனம் – ஒப்பந்தக் காலம் நீட்டித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. முந்தைய நீட்டிப்பு. 2. அதற்கு முந்தைய நீட்டிப்பு.

மேற்படி நிறுவனம் ஆலோசனை வழங்கிய காலம் முழுவதும் நதி தூய்மையடையாததால், தூய்மையடையாத நதிகளில் அதன் அனுபவம் பெருகியுள்ளது என்பதாலும்;

புதிய நிறுவனத்தை அமர்த்தினால் அதற்கு நாற்றம் பழகவே ஆறு மாதம் ஆகும் என்பதாலும்;

இறுதி அறிக்கையின் பரிந்துரைகளில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்ற ஒன்றை மட்டும் உடனடியாக நிறைவேற்ற நிதித் தடை ஏதும் இல்லை என்பதாலும்;

நிறுவனத்தின் பணி திருப்தியளிக்கிறது என்று அந்நிறுவனமே தயாரித்த மதிப்பீட்டு அறிக்கை சான்றளிப்பதாலும்;

மேற்படி ஒப்பந்தம் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது. விவாதம்: இல்லை. ஏகமனதாக நிறைவேறியது.

வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான்.

சிரித்தது போதும். ஆலோசனை அறிக்கைகள் எல்லாமே அலமாரியில் தூங்குகின்றன என்று நினைத்தால் அது தவறு. ஒரே ஒரு பரிந்துரை மட்டும் தப்பாமல், தாமதமில்லாமல், போலீஸ் பந்தோபஸ்தோடு நிறைவேறும். கரையில் இருக்கும் குடிசைகளை அகற்று என்பது அது. 2019 டிசம்பரில் கூவக் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகரிலிருந்து குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். படிப்பு ஆண்டின் நடுவில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, வீடு அங்கே. வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் போனவர்களின் பிழைப்பு இங்கே, அடுப்பு அங்கே. நகரத்தின் மலத்தையும் ஆலைக் கழிவையும் ஆற்றில் கலந்தது அந்தக் குடிசைகளா? சாக்கடைக் குழாயை மழைநீர் வடிகாலில் செருகிய அடுக்குமாடிகளுக்கு அன்று எந்த லாரியும் வரவில்லை.

ஒரு நீர்நிலையைக் காப்பாற்றுகிறோம் என்று ஏழையைத் தூக்கியவர்கள் அவனை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. பெருமழை பெய்தால் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வரும். கூவத்தின் கரையில் இருந்தால் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வாய் என்று கிளப்பி, இன்னொரு வெள்ளத்தின் மடியில் உட்காரவைப்பதற்குப் பெயர் மறுகுடியமர்வு.

குடிசை போன இடம் ஆற்றுக்குத்தானே வந்தது என்று ஆறுதல் சொல்ல நினைக்கிறவர்கள் மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலையைப் பார்க்க வேண்டும். 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று 2012-இல் அன்றைய தமிழக அரசு வேலையை நிறுத்தியது. 2022-இல் அதே தடத்தில் 5,800 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் இரண்டு அடுக்குச் சாலைக்கு மறுபடி அடிக்கல். பத்தாண்டில் ஆறு மாறவில்லை. தூண் தண்ணீரைத் தடுக்கும் என்ற இயற்பியலும் மாறவில்லை. மாறியது காகிதம். பத்துக்குப் பத்து தகரக் குடிசை நீரோட்டத்துக்குத் தடை. ஆற்றுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண் வளர்ச்சி. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கியபோதும் இதே நியாயம்தான் பேசினார்கள். அந்தக் கால்வாய் இன்று எந்தக் கதியில் கிடக்கிறது என்று திருவல்லிக்கேணிக்காரரைக் கேளுங்கள்.

எல்லா ஆலோசகரும் திருடர் என்று நான் சொல்லவில்லை. சேற்றில் இறங்கி மாதிரி எடுத்து உண்மையை எழுதிய பொறியாளர்கள் உண்டு. அவர்கள் எழுதியது பிடிக்காதபோது அறிக்கையை உள்ளே வைத்துவிட்டு வேறொரு ஆய்வுக்கு உத்தரவிடும் அதிகாரிகளும் அமைச்சர்களும்தான் முதல் குற்றவாளிகள். அறிவுரை வேண்டி யாரும் இந்த ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பதில்லை. அவகாசம் வேண்டிப் புதுப்பிக்கிறார்கள். ‘ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது’ என்ற ஒரு வரி சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் மூன்று ஆண்டுகளுக்குத் தாங்கும். அந்த வரிக்கு விலையாகத்தான் நம் வரிப்பணம் போகிறது. 2024 தமிழக பட்ஜெட்டில் அடையாற்றுச் சீரமைப்புக்கு 1,500 கோடி ரூபாய் என்று அறிவித்துவிட்டார்கள். கூவத்தில் கற்ற பாடத்தை அங்கேயும் அரங்கேற்ற எல்லாம் தயார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் புதுப்பியுங்கள். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு செய்யுங்கள். இதுவரை வாங்கிய அறிக்கை ஒவ்வொன்றையும் தமிழில் மக்கள் முன் வையுங்கள். அதில் சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காததற்கு எந்தத் துறை பொறுப்பு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கடைசித் தவணையையாவது காகிதத்துக்குக் கொடுக்காமல், கோயம்பேட்டிலும் சேத்துப்பட்டிலும் நேப்பியர் பாலத்தடியிலும் எடுத்த தண்ணீரின் சோதனை முடிவுக்குக் கொடுங்கள். இந்த மூன்றுக்கும் சம்மதிக்காத நிறுவனம் போகட்டும். சம்மதிக்காத அதிகாரியும் அதோடு சேர்ந்து போகட்டும்.

வாசகரே, உங்கள் வார்டு கவுன்சிலரின் தொலைபேசி எண் தேர்தல் துண்டறிக்கையில் இருக்கும். அடுத்த முறை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் ஒரு நீட்டிப்பு ஏகமனதாக நிறைவேறினால், அந்த மனத்தில் உங்களுடையதும் சேர்ந்ததா என்று அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.