பெர்சியன் குட்டிக்குப் பால் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஐந்து மாதப் பெர்சியன் பூனைக்குட்டிக்கு இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு. சளியும் கொஞ்சம் ரத்தமும் கலந்து போகிறது. பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. பால் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: பாலைத் தே தாரிக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா! தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்கு லாக்டோஸ் செரிக்காது. போக்கு இன்னும் கூடும். இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். புதிதாகப் போன மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். அருவருப்பாக இருந்தாலும், குட்டி வாய் திறந்து சொல்ல முடியாததை அதுதான் சொல்லும்.

பல பூனைகள் நெருங்கி வாழும் இடங்களிலிருந்து வரும் இளம் ஜாதிப் பூனைகளை ‘ட்ரைட்ரைகோமோனாஸ்’ என்ற ஓரணு ஒட்டுண்ணி அதிகம் பிடிக்கும். சாதாரணப் பூச்சி மருந்துக்கெல்லாம் அது மசியாது. பிசிஆர் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வயிறு உப்பி, காய்ச்சலும் விடாமல் இருந்தால் எஃப்ஐபி என்ற வைரஸ் நோயோ என்ற சந்தேகம் வரும். முன்பு அந்தப் பெயரே மரண ஓலை. 2019இல் கலிபோர்னியாவில் ஜிஎஸ்-441524 மருந்து பலன் தருவதாக ஆய்வு வெளியானபின் நிலைமை மாறிவிட்டது, நம்பிக்கையை விடாதீர்கள்.

குட்டி வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். பெனடோல் மட்டும் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம்.