காற்புள்ளியில் தொடங்கும் நாடு: குடாநாட்டுத் திரை ஒப்பனை பற்றி ஓர் ஆராய்ச்சி

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் எழுத்தின் உருவம், நிறம், பொத்தான்களின் தோற்றம் ஆகியவற்றை மனத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வழக்கம் இக்கட்டுரையில் ‘திரை ஒப்பனை’ எனப்படும். ஆய்வின் எல்லை யாழ்ப்பாணக் குடாநாடு: வடக்கே பருத்தித்துறை, தெற்கே ஆனையிறவு. ஆய்வுக்களம் கொமினிகேசன் கடை. போட்டோக் கொப்பி, ரைப்செற்றிங், வெளிநாட்டுக் கோல், பாஸ்போர்ட் படம் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும் இடம் அது.

பிற தேசத்தார் இவ்வொப்பனையை ருசியின் பாற்பட்டது என்பர். ஏரியலில் எழுதிய கடிதத்தை ஒருவர் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினால் கடிதத்தின் முகம் மாறும், பொருள் மாறாது. குடாநாட்டில் அங்ஙனம் அன்று. இங்கே எழுத்துருவை மாற்றினால் மொழியே போய்விடும். எங்ஙனம் எனின், கூறுதும்.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியிருத்திய எழுத்துரு. கண் காண்பது தமிழ். கணினி அறிந்தது ஆங்கிலம். ‘தமிழ்’ என்று தட்டினால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறப்பவருக்குத் தெரிவதும் அதுவே. ‘இலங்கை’யோ ஒரு காற்புள்ளியில் தொடங்கி வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப் என்று போகும். ஆகவே பாமினியின் கணக்கில் இலங்கை காற்புள்ளியில் தொடங்குகிறது, தமிழ் அரைப்புள்ளியில் நிற்கிறது. இதில் அரசியல் காண்போர் காண்க. இவ்வாய்வு விசைப்பலகையோடு நின்றுகொள்ளும்.

மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி வைப்பதும் அதே அரைப்புள்ளி விசைதான். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நடத்திய ஆறுமுக நாவலர். அவர் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த குறி, அதே ஊரில் வேறு உத்தியோகம் பார்க்கும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்பது சித்தாந்தக் கொள்கை. ஜே எனும் உயிர் பாமினியைச் சார்ந்தால் தகரம். ஏரியலைச் சார்ந்தால் வெறும் ஜே. அற்றேல், அதன் உண்மை இயல்புதான் யாது எனின், அதனை அறிவார் கடைப் பெடியன் ஒருவனே. அவன் ஜே-கே-பி-ஓ-அரைப்புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் தமிழ் என்று வாசிப்பான். இத்தகைய ஞானியர் பட்டினத்தில் பலர் உளர்.

எதிர்த்திசையிலும் இவ்விதி செல்லும். விசிற்றிங் கார்ட்டில் மின்னஞ்சல் முகவரி வரும்போது எழுத்துருவை மாற்ற மறந்தால், ஆங்கிலம் தமிழாகிவிடும். ஜிமெயில் ‘பஅயடை’ ஆகும். டொட் கொம் ‘.உழஅ’ ஆகும். இணையத்தள முகவரியின் தொடக்கத்தில் நிற்கும் மூன்று டபிள்யூவும் ‘றறற’ என்று நிற்கும். றகரம் மொழிக்கு முதலில் வராது என்பது இலக்கணம். இங்கே மூன்று வருகின்றன.

இனித் தலைப்பெழுத்துச் சிக்கல். வேர்ட் மென்பொருளில் வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்துக்கு அது பணிவிடை. பாமினிக்கோ, சின்ன எழுத்து ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்து இன்னொரு தமிழ் எழுத்து. எனவே வாக்கியத்தின் தொடக்கத்தில் அம்மா ‘ஆம்மா’ ஆவார், நன்றி ‘நுன்றி’ ஆகும், தமிழ் ‘துமிழ்’ ஆகும். ஆய்வாளரின் கவனத்தை மிகவும் ஈர்ப்பதோ நான்காவது வகை. மகரம் முகரமாவதால் மரண அறிவித்தல் ‘முரண அறிவித்தல்’ ஆகிவிடும்.

“தம்பி, உது என்ன முரண அறிவித்தல்? மனுசன் சாகுமட்டும் ஆரோடையும் முரண்படேல்லையே.”

“அது வேர்ட் தானாச் செய்யிறது ஐயா. நிப்பாட்டி விடுறன்.”

நிப்பாட்டுவதுதான் குடாநாட்டுத் திரை ஒப்பனையின் முதற்கிரியை. புதுக் கணினி வந்தால் பெடியன் முதலில் அந்தச் சரிக்குறியை எடுப்பான். அடுத்து எழுத்துப்பிழை பார்க்கும் வசதியை அணைப்பான். அணைக்காவிடில், இறந்தவர் நினைவாக அச்சிடும் ‘கல்வெட்டு’ நூல் முழுவதையும் பிழைபட்ட ஆங்கிலம் என்று கருதி, தேவாரத்துக்குக் கீழேயும் வேர்ட் சிவப்புக் கோடு இழுக்கும். உலகம் வசதிகளைச் சேர்த்து ஒப்பனை செய்கிறது. குடாநாடு வசதிகளைக் கழற்றி ஒப்பனை செய்கிறது.

தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடம் தரும் யூனிகோட் 1991 முதல் இருக்கிறதே, இன்னும் ஏன் பாமினி எனில், காரணம் விரலில் இருக்கிறது. பாமினியின் விசை ஒழுங்கு பழைய தட்டச்சுப் பொறியைத் தழுவியது. ‘யளனகப’ என்று இடக்கை பழகியவர் அப்படியே கணினிக்கு வந்து உட்காரலாம். தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா, சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் உழைத்தவர் என்பதையும் இவ்விடத்தில் ஊர்ப்பெருமைக்காகச் சேர்த்துக்கொள்கிறோம். மற்றொரு காரணம் குடும்பம் சார்ந்தது. லதா என்ற எழுத்துரு 2000ஆம் ஆண்டு விண்டோசோடு வந்தது. விஜயா விண்டோஸ் 7உடன், நிர்மலா விண்டோஸ் 8உடன் வந்தன. இவையெல்லாம் பெரியவர்கள் பேசி முடித்த கலியாணம். பாமினியை மட்டும் ஊர் தானாகத் தேடிப் பிடித்தது. சிடியிலும் பென்டிரைவிலும் கொண்டுபோய் வீடு வீடாகக் குடியேற்றியது.

விலை இல்லாமல் இல்லை. பாமினிக் கோப்பில் யூனிகோட்டில் ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் யாழ்ப்பாணம் இல்லை என்று கணினி சாதிக்கும். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி போன்றவை வந்து பலரை இக்கரை சேர்த்தன. ஆயினும் கடையில் கேள்வி இன்றும் ஒன்றுதான்: “அண்ணை, பாமினியோ யூனிகோட்டோ?” அண்ணை என்ன பதில் சொன்னாலும் பாமினியில்தான் அடிக்கப்படும்.

நிறத்துக்கு வருவோம். விண்டோஸ் 3.1 வெளிவந்த 1992இல் அதில் ‘ஹொட்டோக் ஸ்ராண்ட்’ என்று ஒரு நிறத்தொகுதி இருந்தது. சிவப்பும் மஞ்சளும். உலகின் அவலட்சணமான திரை என்று மேல்நாட்டார் இன்றும் அதைப் பழிப்பர். மஞ்சள் தாளில் சிவப்பு மையால் அச்சான மகோற்சவ விஞ்ஞாபனத்தைக் கையில் வாங்கிப் பழகியவர் அதில் குறை கண்டிருக்கமாட்டார் என்பது எமது கருதுகோள். சோதிக்க வழியில்லை, போர் நடந்த அந்த ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மாணவர்கள் ஜாம் போத்தலில் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் மிச்சம் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே 2019இல் ஐபோனும் அண்ட்ரொய்டும் கறுப்புத் திரையைப் பெரிய புதுமையாக நீட்டியபோது, அந்தத் தலைமுறை ஓடிப்போய் எடுக்கவில்லை. ஓஎல்ஈடி திரையில் கறுப்புப் புள்ளி ஒளிராது, அதனால் பற்றரி மிச்சம் என்பது மெய். எல்சிடி திரையில் பின்னொளி எப்படியும் எரியும்; மிச்சமில்லை. ஜாம் போத்தலில் ஓ/எல் படித்தவரிடம் இருட்டுக் கண்ணுக்கு நல்லது என்று வாதாட ஆய்வாளருக்குத் துணிவு வரவில்லை. வீட்டுப் பெரியவர்களின் மறுப்பு இன்னும் சுருக்கமானது: “உது செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு, மாத்து.”

திரையின் பின்னணிப் படத்தையும் ஒரு வார்த்தையில் தொட்டுவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்ரோபரில் வந்தது; போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. அதன்பின் குடாநாட்டுக்கு வந்த கணினிகள் பலவற்றிலும் சார்ல்ஸ் ஓரியர் 1996இல் கலிபோர்னியாவில் படமெடுத்த அந்தப் பச்சை மேடு இருந்தது. ஒருவரும் மாற்றவில்லை. கீரிமலையிலும் மலை இல்லாத தட்டைச் சுண்ணாம்புத் தரையில் வாழ்வோர், கிடைத்த மேட்டை ஏன் மாற்றுவார்கள்?

இறுதியாகப் பொத்தான்கள். விண்டோஸ் 95இன் சாம்பல் நிறப் பொத்தானுக்கு விளிம்பும் நிழலும் இருந்தன; அமத்தலாம் என்று பார்த்தவுடன் தெரியும். 2013இல் ஐபோனும் அடுத்த ஆண்டு அண்ட்ரொய்டும் அந்தப் புடைப்பைத் தட்டையாக்கிய பிறகு, எது பொத்தான், எது வெறும் எழுத்து என்பது ஆராய்ச்சிக்குரிய விடயமாகிவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் மகன் அம்மாவின் தொலைபேசியை வாங்கி, எழுத்தை ஆகப் பெரிதாக்கி, “இப்ப வடிவாத் தெரியுதோ அம்மா” என்று கேட்டுவிட்டுப் போவார். எழுத்து வடிவாகத்தான் தெரியும். வீடியோ அழைப்பில் பொத்தான்களோ சில விநாடியில் தாமாக மறைந்துவிடும். திரையைத் தொட்டால்தான் திரும்பி வரும். இதை அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. “சரி மோனை, வைக்கிறன்” என்று அவர் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறார். அழைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. மகன் கூரையைப் பார்த்தபடி, தேங்காய் துருவும் சத்தத்தையும் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு வந்த செய்தியையும் கேட்கிறார். பேச்சு மருமகளிடம் வந்து சேர்ந்ததும் ரொறன்ரோவில் சிவப்புப் பொத்தான் அமத்தப்படுகிறது.