பல்லைப் பிடிச்சுப் பாரு, கண்ணு

வா கண்ணு, உக்காரு. மீட்டிங் முடிஞ்சுதா? முதல்ல அந்தக் காதுல சொருகியிருக்கிறதக் கழட்டி வை. உன் நாய்க்குட்டி மோச்சா விசயம் பேசணும்.

காலைல நீ தூங்கிட்டிருந்தப்ப, பால்கனியில அதை மடியில போட்டு மேலுதட்டைக் கட்டைவிரலால தூக்கிப் பாத்தேன். கோரைப்பல்லு ஒண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு நிக்குது. ஊசியாட்டம் இருக்கிறது பால்பல்லு. அதுக்கு முன்னால தடியா நிக்கிறது புதுசு. நடுவுல நேத்து நீ ஊட்டின சிக்கன் நாரு. கீழ்த்தாடையிலயும் அதே கூத்துதான், ஆனா அங்க புதுப்பல்லு உள்பக்கமா முளைச்சு, வாய மூடுறப்பல்லாம் மேலண்ணத்துல குத்துது. ஒரு மொளகு வைக்கலாம், அப்படி ஒரு குழி. இதைத்தான் நீ ‘மோச்சா சிரிக்குது தாத்தா’ன்னு ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பினே. அது சிரிக்கல ராசா, அதால வாய மூட முடியல.

தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நீ 35,000 ரூவா எண்ணிக் குடுத்தவன். அதையும் போன்ல படத்தைப் பாத்தே குடுத்தவன். சந்தையில நாங்க மாடு பிடிக்கப் போனா, துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு வெல பேசுறதுக்கு முன்னாடியே மாட்டு வாயத் தொறந்துருவோம். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டும் சேந்தாச்சுன்னு வயசு சொல்லிருவோம். எம்.டெக். படிச்சவனுக்கு அது எதுக்கு?

நாய்க்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கு. பால்பல்லு 28. நாலு மாசத்துல உதிர ஆரம்பிச்சு, ஏழு மாசத்துக்குள்ள 42 நிலைப்பல்லும் வந்து சேரணும். அடியில இருந்து புதுப்பல்லு முட்ட முட்ட, பால்பல்லோட வேர் கரைஞ்சு தானா விழுந்துரும். பொமரேனியன் மாதிரி சின்னச் சாதியில பல சமயம் வேர் கரையாது. உன் பெங்களூரு பாஷையில சொல்றேன், கேட்டுக்க: பழைய குடித்தனக்காரன் காலி பண்ணல, புதுசா வந்தவன் பத்து மாச அட்வான்ஸ் குடுத்துட்டு மூட்டை முடிச்சோட வாசல்ல நிக்கிறான். எங்க போவான்? கெடச்ச சந்துல நுழைவான்.

இது குடும்ப வாகு. அதோட ஆத்தா வாயப் பாத்தியா? ஆத்தாளையே பாக்கலையா! சரி, பொண்ணு பாக்கப் போறப்பவாச்சும் மாமியாள ஒரு பார்வை பாத்துக்க. எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017-லயே சட்டம் போட்டிருக்கு. உனக்கு வித்தவன் உள்ளங்கையில வச்சு நீட்டினான்னு நீயே சொன்னே. அந்த வயசுல கீழ்த்தாடை குட்டையா, நீளமான்னு தெரியுறதே கஷ்டம்.

மேல்தாடை ஒரு வழி, கீழ்த்தாடை ஒரு வழின்னு பரம்பரையில தனித்தனியா வரும்னு, பல சாதி நாய்களைக் கலந்து வளத்துப் பாத்து எழுதினவரு சார்லஸ் ஸ்டாக்கார்டுங்கிற அமெரிக்கக்காரரு. அந்தப் புஸ்தகம் 1941-ல வந்துச்சு. உன் தங்கச்சிதான் படிச்சுச் சொன்னா. நீ கேட்டிருக்க மாட்டே, காதுல அது இருந்திருக்கும். நீட்டத்தாடைக்கும் குட்டைத்தாடைக்கும் முடிச்சுப் போட்டா, பொறக்கிற குட்டிக்கு மேல் சட்டை ஒரு அளவு, கீழ் வேட்டி ஒரு அளவு. கீழ்த்தாடை கொஞ்சம் பின்தங்கினாலே போதும், அதோட பால் கோரைப்பல்லு மேல மாட்டிக்கிட்டு, தாப்பாள் போட்ட மாதிரி தாடைய மேற்கொண்டு வளர விடாது. அந்தப் பல்லை நேரத்தோட டாக்டர் எடுத்துவிட்டா, சில குட்டிக்குத் தாடை ஓடி வந்து சேந்துக்கும்.

மூணாவது மாடிப் பக் நாய்க்கு இன்னொரு சோகம். 2003-ல ஒரு செல்போன் விளம்பரத்துல அது பையன் பின்னாடி ஓடிச்சு, அதுல இருந்து ஊரே அது பின்னாடி ஓடுது. நம்ம பாகல்கோட்டை ஜில்லா முதோள் நாய்க்கும் 42 பல்லு, அந்தப் பக்குக்கும் 42 பல்லு. முதோளுக்கு முழ நீளம் மூஞ்சி. பக்குக்கு மாரத்தஹள்ளி பி.ஜி. விடுதி. ஒரே ரூம்புல கட்டில் மேல கட்டிலாப் போட்டு, பல்லெல்லாம் குறுக்கால திரும்பிப் படுத்திருக்கு. கீழ்த்தாடை துருத்திக்கிட்டு நிக்கிறது பல சாதி நாய்க்குக் குறை, அதுக்கு அழகாம்!

எல்லாத்தையும் ஆத்தா அப்பன் தலையில கட்டிறாத. என் பல்லைப் பாரு. ஈ... பாத்தியா? பழுப்புக் கோடு, நடுநடுவுல குழி. பீடின்னுதானே நெனச்சே? தருமபுரிக் கிணத்துத் தண்ணி கண்ணு, ஃபுளோரைடு. நிறமில்ல, வாசமில்ல, ருசியும் இல்ல. காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஈறுக்குள்ள பல்லு உருவாகிற வயசுல குடிச்சா, எனாமலு அரைவேக்காடாத்தான் வெளிய வரும். அப்புறம் எந்தப் பேஸ்டுக்கும் மசியாது. லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராமுக்கு மேல ஆகாதுன்னு அளவு. ஒகேனக்கல் காவிரித் தண்ணி எங்களுக்குக் குழாயில வந்தது 2013-ல. என் பல்லுக்கு அம்பது வருசம் லேட்டு. அந்தப் பக்கம் கோலாரும் இந்த ஃபுளோரைடுல எங்களுக்குப் பங்காளிதான்.

இப்ப சொல்லு, உங்க டேங்கர் எந்த ஊரு போர்ல இருந்து வருது? தெரியாது. நீ குடிக்கிறது ஆர்.ஓ. தண்ணி, மோச்சா கிண்ணத்துல ஊத்துறது குழாய்த் தண்ணி. பாசம்னா அப்படி இருக்கணும்!

அப்புறம் டிஸ்டம்பர். செவுத்துக்கு அடிக்கிறது இல்லடா, நாய்க்கு அடிக்கிற காய்ச்சல். குட்டிக்கு வந்தா பொழைக்கிறது கஷ்டம். பொழைச்ச குட்டிக்கும், பல்லுக்கு வெள்ளையடிக்கிற வேலை அந்தக் காய்ச்சல் நாள்ல நின்னு போயிருக்கும். ரெண்டு மாசம் கழிச்சுப் பல்லு முளைக்கிறப்ப, காய்ச்சல் வந்த கணக்கு வரி வரியா எழுதியிருக்கும். ஊசிய ஒரு தவணை விட்டாச்சுன்னு சொன்னியே, அதுக்குத்தான் அன்னைக்குக் கத்தினேன். உங்கம்மா, கிழவனுக்கு வேற வேலையில்லன்னா.

சாப்பாட்டைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. எலும்பு நீக்கின சிக்கன், மூணு வேளையும்! கறியில பாஸ்பரஸ் கொட்டிக் கெடக்கு, சுண்ணாம்புச் சத்து பேருக்குத்தான். ரத்தத்துக்குச் சுண்ணாம்பு வேணும்னா ஒடம்பு எங்க போயி எடுக்கும்? சொந்த எலும்புலதான். தாடையெலும்பு மெத்துனு ஆகி, பல்லு ஆடும். உடனே மாத்திரைய அள்ளிப் போட்டுறாத. பெரிய சாதிக் குட்டிக்கு அது மிஞ்சினாலும் எலும்பு கோணும்.

கயித்த வாயில குடுத்து இழுத்து வெளையாடுறியே, பல்லு மாறுற மாசத்துல தேர் இழுக்கிற மாதிரி! அதையும் நிறுத்து.

இப்ப நூலைக் கட்டிக் கதவுல மாட்டி இழுக்கலாமான்னு பாக்கிறே, தெரியுது. பால் கோரைப்பல்லுக்கு வேர் வெளிய தெரியறதை விட நீளம். பாதியில ஒடைஞ்சா உள்ள சீழ் வைக்கும். மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும், தள்ளிப் போடவும் கூடாது. ஹெப்பாள்ல கால்நடைக் கல்லூரி இருக்கு, 1958-ல இருந்து. நாளைக்குக் காலைல கெளம்பு. நானும் வர்றேன். அவுட்டர் ரிங் ரோட்டுல ரெண்டு மணி நேரம் உன்கூட உக்காந்திருக்க வேற வாய்ப்பு எனக்கு எப்பக் கெடைக்கும்?

எடுத்த பல்லைக் குப்பையில போட்டுறாத. சாணியில பொதிஞ்சு கூரை மேல வீசணும், உனக்கு நான்தான் வீசினேன். சாணிக்கு ஆர்டர் போட்டுரு, பத்து நிமிசத்துல வருமில்ல? கூரைதான் எதுன்னு தெரியல. பதினொண்ணாவது மாடிக்கு மேல வீசணும்னா அசோசியேசன்ல லெட்டர் குடுக்கணுமோ என்னமோ, கேட்டு வை.