நாலு தறி முதலாளிக்குத் தாத்தா சொன்ன யோசனை

வாங்க முதலாளி, உட்காருங்க. நாலு தறி போட்டுட்டியாமே, பிள்ளையார்பாளையமே பேசுது. கோர்வைக்கு ஒரு சின்னப் பையன் வேணும், அவங்கப்பன் கையில முப்பதாயிரம் திணிச்சுட்டா பையன் எங்கேயும் ஓடமாட்டான், சரிதானே தாத்தான்னு கேக்கறே. ரொம்பச் சரி. செய். அதுக்கு முன்னாடி இந்தக் கிழவனோட அனுபவத்தையும் கொஞ்சம் வாங்கிக்கோ. இதுக்கு முன்பணம் வேணாம்.

முதல்ல அந்தக் காசைக் கடன்னு வாய்தவறியும் சொல்லிடாதே. அட்வான்ஸ்னு சொல்லு. எனக்கு ஒன்பது வயசுல எங்கப்பா வாங்கின இருநூறு ரூபாய்க்கும் அதான் பேரு. பேரை மாத்திட்டா சட்டத்துக்கு அடையாளம் தெரியாதுன்னு எங்க முதலாளி நம்பினாரு, பாவம். 1976ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எழுதினவங்க நம்ம தெருவில குடியிருந்தவங்க மாதிரி எழுதியிருக்காங்க. பணமா குடுத்தாலும் அரிசியா குடுத்தாலும், வேலைக்குக் கட்டிப்போடக் குடுத்தா அது கொத்தடிமைக் கடன். அந்தக் கடன் செத்துப்போச்சு. செத்த கடனை வசூல் பண்ணினா மூணு வருஷம் வரைக்கும் உள்ளே. ‘இது அந்த மாதிரிக் கடன் இல்லே’ன்னு நிரூபிக்க வேண்டியதும் குடுத்தவன்தான், வாங்கினவன் இல்லே. முப்பதாயிரத்தை வரதராஜர் உண்டியல்ல போட்டா புண்ணியமாவது மிஞ்சும்.

அடுத்து, இன்ஸ்பெக்டர் வந்தா ‘அக்கா பையன் சார்’னு சொல்லணும். 1986 சட்டத்துல துணி நெசவைப் பிள்ளைங்களுக்கு ஆகாத வேலைன்னு பட்டியல்ல ஏத்தினாங்க, ஆனா குடும்பத்தோட செய்யற பட்டறைக்கு விலக்கும் குடுத்தாங்க. அவ்வளவுதான், தறிக்குத் தறி ஒரு அக்கா பையன் முளைச்சான். அந்தக் கணக்கை எண்ணினா நம்ம தெருவில மூத்தது எல்லாமே பொட்டப்பிள்ளைன்னு ஆவும். 2003ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்காரங்க பட்டுத்தறிப் பிள்ளைங்களைப் பத்தி அறிக்கையே போட்டாங்க. வாரணாசி, கர்நாடகாவோட நம்ம காஞ்சிபுரமும் அதுல இருக்குது. நம்ம பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு வந்தது அதுக்கப்புறம்தான். பேரு கெட்டதுல முந்திக்கிட்டோம்.

2016ல சட்டத்தைத் திருத்தி, 14 வயசுக்குள்ள எந்த வேலைக்கும் வைக்கக்கூடாதுன்னாங்க. ஆபத்தில்லாத வீட்டுத் தொழில்னா, பள்ளிக்கூடம் விட்டப்புறமோ லீவுலயோ ஒத்தாசை பண்ணலாம். குடும்பம்னா யாருன்னும் எழுதிட்டாங்க: அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க, அத்தை, பெரியப்பா, சித்தப்பா, மாமன், பெரியம்மா, சித்தி. தாத்தாவைக் காணோம்டா. கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை தேடினேன். மாட்டினா 6 மாசத்துலேருந்து 2 வருஷம் ஜெயில், இல்லேன்னா 20,000 ரூபாயிலேருந்து 50,000 வரைக்கும் அபராதம். ரெண்டும் சேர்ந்தும் வரலாம், உன் ராசி எப்படியோ.

‘சட்டமெல்லாம் தூங்குது தாத்தா’ன்னு சொல்லுவே. தெரியும். நம்ம வரதராஜர் கோயில் அத்தி வரதரும் குளத்துல தூங்கறாரு. 1979ல எழுந்தவரு மறுபடி 2019லதான் எழுந்தாரு, 48 நாள் ஊரே கொள்ளலை. ஆனா அவரு எந்த வருஷம் எழுவாருன்னு கணக்கு உண்டு. சட்டம் என்னிக்கு எழுந்து வந்து உன் வாசல்ல நிக்கும்னு எந்த ஜோசியனும் சொல்லமாட்டான்.

கோர்வைன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? காசு போடத்தான் தெரியும். நெசவுக்காரரு சேலை உடம்புக்கு நாடா விடுவாரு, நான் பக்கத்துல உட்கார்ந்து கரைக்கு விடணும். ரெண்டு இழையும் ஒண்ணையொண்ணு கொக்கி மாதிரிப் புடிச்சாத்தான் கரை நிக்கும். ஒரு இழை தப்பிச்சா நாடாவாலேயே மண்டையில ஒண்ணு விழும். சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பசங்க தெருவில கத்திக்கிட்டு வருவாங்க. அந்தச் சத்தத்துலதான் எனக்கு இழை தப்பும். மணி நாலுன்னு தெரிஞ்சுக்க எனக்குக் கடிகாரமே தேவைப்படலை, மண்டை இருந்துச்சு.

சரி, உனக்கு ஆள் வேணும், அவ்வளவுதானே? நாளைக்குக் காலையில நானே வந்து தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டுக்கறேன். எனக்கு 14 முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. அந்த முப்பதாயிரத்தை மறக்காம எடுத்துட்டு வா. திருப்பிக் கேட்டியானா, 1976ன்னு சொல்லுவேன்.